நாசிசாலே வீட்டுக் கோழி

அன்பு மகள் மடாலோவுக்கு,

நம் ஊர் வழக்கப்படியே தொடங்குகிறேன்: நீ நலமாக எழுந்திருந்தால் நானும் நலமாக எழுந்தேன். மாப்பிள்ளையும் பேரனும் சுகம்தானே? கிளாஸ்கோ குளிரில் பிள்ளையைக் காது மூடாமல் வெளியே விடாதே. "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கும்மா ஊழியம், முட்டி வலியோட வீட்டுல கிடங்க" என்று போனில் கத்தினாய். கத்தியதைக் கேட்டேன், பதிலையும் சொல்லிவிடுகிறேன்: சோளம் அறுக்கும்வரை நான் வர மாட்டேன். ஏன் என்று படித்துவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்.

நம் சோம்பா ஊர்ச் சபைப் பெண்களோடு சில்வா ஏரிக்கரையிலிருக்கும் இந்த நமாசோ கிராமத்துக்கு நான் வந்தது உனக்குத் தெரியும். பழைய சோளம் தீர்ந்து, புதுக் கதிர் இன்னும் பால் பிடிக்காத பசி மாதம் இது. பிள்ளைகளுக்குக் காலையில் சோயா மாவுக் கஞ்சி காய்ச்சி ஊற்றுவதுதான் எங்கள் வேலை. நான் தங்கியிருப்பது நாசிசாலே வீட்டில். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், ஃபட்சானி என்று ஒரே பெண் குழந்தை, தூக்கினால் கையில் கனமே தெரியாது. "கஞ்சி ஒரு வாரம் நின்னாலும் இவ தாங்க மாட்டா" என்று நர்ஸ் என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். எங்கள் தலைவி திருமதி கும்வெண்டாவைத்தான் உனக்குத் தெரியுமே, "கொடுக்க வந்தோம், வாங்க வரல, ஊர்க்காரங்ககிட்ட ஒரு மாங்காகூடத் தொடக்கூடாது" என்று வண்டியிலேயே சட்டம் போட்டுவிட்டாள். அதனால் நாசிசாலே தன் ஒரே கோழியைப் பிடித்து, மரியாதையாக மண்டியிட்டு, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டியபோது, "வேண்டாம்மா, பிள்ளைக்கு முட்டையாவது இருக்கட்டும்" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே எடுத்துக்கொண்டு போனாள். நல்ல காரியம் செய்ததாக நினைத்து நானும் நிம்மதியாகத் தூங்கினேன், புத்தி கெட்டவள்.

மறுநாள் பானை கொதித்து, கஞ்சியில் ஆடை படிந்தும் ஒரு பிள்ளைகூட வரவில்லை. மாவைப் பற்றி யாரோ புரளி கிளப்பிவிட்டார்கள் என்றாள் கும்வெண்டா. நான் குழாயடிக்குப் போனேன். ஒருத்தியும் முகம் கொடுக்கவில்லை. நாசிசாலேதான் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நேருக்கு நேர் கேட்டாள்: "எங்க கோழி உங்க வாய்க்கு ஆகாது, உங்க கஞ்சி மட்டும் எங்க புள்ளைங்க வயித்துக்கு ஆகணுமா? நாங்க என்ன பிச்சைக்காரங்களா?" விருந்தாளி கோழியை மறுக்கக்கூடாது என்று உனக்குச் சொல்லி வளர்த்தவளே நான்தானே மடாலோ. கும்வெண்டாவிடம் போய், இன்றைக்கு நாசிசாலே வீட்டில் சாப்பிடப் போகிறேன் என்றேன். சட்டத்தை மீறினால் வண்டியேற்றி அனுப்பிவிடுவேன் என்று குதித்தாள். "தாராளமா அனுப்புங்க, சாப்பிட்டுட்டு வந்து ஏறுறேன்" என்று சொல்லிவிட்டு, நேரே நாசிசாலே வீட்டுப் பாயில் போய் உட்கார்ந்து, "பசிக்குது, கோழி எங்க?" என்று கேட்டேன். "ஓகோ, இப்பத்தான் வாய் வந்துச்சா" என்று குத்திக்காட்டிவிட்டுத்தான் கத்தியைத் தேடினாள்.

கடன் வாங்கிய மாவில் கிண்டிய சோளக்களியோடு கோழி வந்தது. விருந்தாளிக்கு உரிய ஈரல் துண்டு என் தட்டில் இருந்தது. எதிரே ஃபட்சானி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாயில் ஊட்டிவிடக் கை துடித்தது. ஊட்டியிருந்தால் மறுபடியும் அந்தத் தாயை ஏழை என்று சொன்னதாகத்தான் ஆகியிருக்கும். பிள்ளை பார்க்கப் பார்க்க மென்று விழுங்கினேன், என் பிழைப்பில் அவ்வளவு கஷ்டப்பட்டு எதையும் விழுங்கியதில்லை. நான் கை கழுவிய பிறகு நாசிசாலே தன் கையால் ஒரு காலைப் பிய்த்து மகளிடம் கொடுத்தாள். மறுநாள் விடிந்ததும் வரிசையில் முதல் ஆளாக நின்றதும் அவள்தான், ஃபட்சானி இடுப்பில், குவளை கையில். பின்னால் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம். ஃபட்சானி குடித்து முடித்துக் குவளையை மறுபடி நீட்டினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அடுப்புப் புகை என்று சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை கும்வெண்டாவின் வண்டி திரும்புகிறது. அதில் நான் இல்லை; வரிசையைப் பார்த்த பிறகு அவளும் என்னை ஏறச் சொல்லவில்லை, மீதி மாவில் கஞ்சி காய்ச்ச இங்கேயே இருக்கிறேன். அந்தக் குழந்தை புதுச் சோளத்தைச் சுட்டுத் தின்பதைப் பார்த்துவிட்டுத்தான் வருவேன். டிக்கெட் எல்லாம் போடாதே, முட்டிக்குத் தைலம் மட்டும் அனுப்பு. உன் வாசலுக்கு யார் எதைக் கொண்டுவந்தாலும் இரண்டு கையாலும் வாங்கு. ஆண்டவர் உங்கள் மூவரையும் கைவிடாமல் காப்பாராக. மறந்துவிடாதே, நீ ஊருக்கு வரும்போது உனக்கென்று அடிக்க, நாசிசாலே அண்டை வீட்டில் இப்போதே ஒரு குஞ்சு சொல்லி வைத்திருக்கிறாள். வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு வா.

உன் அம்மா,
எனிஃபா