பென்சில் நிற்காத கூந்தல்

டர்பன்வில்,
14 மார்ச் 1999

அன்புத் தங்கை ரோடாவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்து இருபது வருடம் ஆகிறது. அம்மா இறந்த செய்தியை நாலே வரியில் எழுதியிருந்தாய், அதுதான் கடைசி. நான் பதில் போடவில்லை என்று உனக்கு வருத்தம் இருக்கும். ஆனால் நீயும்தான் அதற்குப் பிறகு ஒரு வரி எழுதவில்லை!

என் கணவர் ஹென்ட்ரிக் போன ஜூலையில் மாரடைப்பில் போய்விட்டார். இவ்வளவு பெரிய வீட்டில் நான் ஒருத்திதான். ரோஜாச் செடிகள், வேலைக்காரி சோஃபி, ஞாயிறு சர்ச் என்று பொழுது போகிறது. மாடிப்படி ஏறினால் முழங்கால் வலிக்கிறது. அம்மாவுக்கு இருந்த அதே வலி. உனக்கும் உண்டா?

என் மகள் எல்சபேக்கு இருபத்தேழு வயதாகிறது, பொறியாளர். ஒரு பெரிய கட்டுமான நிறுவனத்தில் விண்ணப்பித்திருக்கிறாள். காலம் எப்படி மாறிவிட்டது பார், அங்கே இப்போது நம்மைப் போன்றவர்களுக்குத்தான் முன்னுரிமையாம். பழைய நிறவெறி ஆட்சியில் பாதிக்கப்பட்ட குடும்பம் என்பதற்கு ஆதாரம் கேட்கிறார்கள். ‘கலப்பினம்’ என்று முத்திரை குத்திய அம்மாவின் அடையாள அட்டை உன்னிடம்தான் இருக்கும். பதிவுத் தபாலில் அனுப்பிவிடு. நாம் பட்டதற்கெல்லாம் பிள்ளையாவது பலன் அடையட்டும்.

உன் நினைவாகவே இருக்கும்,
முரியல்


பொன்டஹூவல்,
29 மார்ச் 1999

முரியல் அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. டர்பன்விலிலிருந்து என் வீட்டுக்குக் காரில் இருபது நிமிடம். உன் கடிதம் வந்து சேர இருபது வருடம்.

‘நம்மைப் போன்றவர்கள்’ என்று எழுதியிருக்கிறாய். படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு கேட்டி வேலிக்கு மேலே தலையை நீட்டி, “என்னடி, யாருக்காவது புத்தி பேதலிச்சுப் போச்சா?” என்று கேட்டாள். எங்க அக்காவுக்குத் திடீரென்று எங்கள் சாதியில் சேர ஆசை வந்திருக்கிறது என்றேன்.

நாம் என்ன பட்டோம் என்று நீ மறந்திருந்தால் நான் சொல்கிறேன். 1967. மூன்று அதிகாரிகள், ஒரு மேசை, ஒரு பென்சில். உன்னை வெள்ளையராகப் பதிவு செய்யச் சொல்லி நீயாகவே மனுப் போட்டு, துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். உன் கூந்தலில் செருகிய பென்சில் நழுவிக் கீழே விழுந்தது. நீ வெள்ளைக்காரி. என் தலையில் செருகியது அப்படியே நின்றது. அந்த அதிகாரி அதை எடுக்கக்கூட இல்லை. “நீ வச்சுக்கோ” என்று சொல்லிச் சிரித்தார். நீயும் சிரித்தாய், அக்கா.

அதுவரை இரண்டு பேரும் ஒரே தையல் ஆலையில் அடுத்தடுத்த மிஷினில் உட்கார்ந்திருந்தோம். உன் தையல் கோணல் என்று மேஸ்திரி தினம் திட்டுவான். நீ வெள்ளைக்காரி என்று தாள் வந்த மறுமாதம் நகரத்துத் துணிக்கடையில் நீ விற்பனைப் பெண். நான் தைத்த கவுனை நீ விற்றாய். அந்தக் கடையில் அதை நான் போட்டுப் பார்க்க அனுமதி கிடையாது. உன் கை மாறவில்லை, மூளை மாறவில்லை. ஒரு தாள் மாறியது. மிச்சமெல்லாம், ரயில் பெட்டி, ஆஸ்பத்திரிக் கட்டில், கடற்கரை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், அந்தத் தாளைப் பார்த்துத் தானாக வந்து வரிசையில் நின்றன. அடுத்த வருடமே எங்கள் தெருவை வெள்ளையருக்கு என்று சொல்லி இடித்தார்கள். அம்மாவும் நானும் லாரியில் இந்த மணல் காட்டுக்கு வந்தோம். அதையெல்லாம் உன் திறமை என்று நீ நம்பியிருப்பாய். நம்பாமல் எப்படித் தூக்கம் வரும்?

எதையும் மன்னித்திருப்பேன். 1978-ஐ மட்டும் முடியாது. அம்மா புற்றுநோயில் கிடந்தபோது கணவரோடு வந்தாய். “என்னைத் தூக்கி வளர்த்த ஆயா” என்று அவருக்கு அறிமுகம் செய்தாய். கட்டிலில் உட்காராமல் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அம்மா உன்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “ஆமாங்க ஐயா, மேடம் சின்ன வயசுல ஒரே சேட்டை” என்றாள். நீங்கள் போனதும் என்னிடம், “நல்லா சதை போட்டிருக்கா, இல்ல?” என்றாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

அட்டை என்னிடம்தான் இருக்கிறது. எல்சபேயை நீயே கூட்டிக்கொண்டு வா. அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, அதில் செத்தது யார் என்று உன் வாயால் சொல். எடுத்துக்கொண்டு போ.

ரோடா


டர்பன்வில்,
11 ஏப்ரல் 1999

அன்புள்ள ரோடா,

எவ்வளவு விஷம்! படித்துவிட்டு இரண்டு நாள் படுத்தே கிடந்தேன்.

உனக்கு என்ன தெரியும்? எல்சபே வயிற்றில் இருந்த ஒன்பது மாதமும் நான் தூங்கவில்லை. என்ன நிறத்தில் வருவாளோ, தலைமுடி எப்படி இருக்குமோ என்று. நர்ஸ் குழந்தையைக் கொடுத்தபோது முகத்தைப் பார்க்கவில்லை, நிறம் தெரியக் காது மடலைத்தான் பார்த்தேன். அதோடு இன்னொன்று வேண்டவே வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். முப்பது வருடமாகச் சொந்த வீட்டில் திருடியைப் போல இருந்திருக்கிறேன். நீ பயமில்லாமல் இருந்தாய். உன்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன், நம்பினால் நம்பு.

நான் அந்தச் சட்டத்தை எழுதவில்லை. திறந்திருந்த கதவில் நுழைந்தேன், அவ்வளவுதான். உன் பென்சில் விழுந்திருந்தால் நீ நுழைந்திருக்க மாட்டாயா?

எல்சபேயைக் கூட்டிவர முடியாது. அவள் கணவர் வீட்டார் ஒரு மாதிரி. பல தலைமுறைக்கு முன்னால் யாரோ ஒரு பாட்டி கலப்பினம் என்று சொல்லி வைத்திருக்கிறேன், அவளுக்கு அது போதும். தயவுசெய்து தபாலிலேயே அனுப்பு. அம்மாவின் கல்லறைக்கு நல்ல பளிங்குக் கல்லாக ஒன்று வைக்க ஆசைப்படுகிறேன். எந்த இடம் என்று மட்டும் எழுது.

முரியல்


பொன்டஹூவல்,
3 மே 1999

அக்கா,

உன் மகள் வந்திருந்தாள். நீ அனுப்பவில்லை என்று தெரியும். உன் மேசையில் கிடந்த கடித உறைமேல் என் முகவரியைப் பார்த்துவிட்டுத் தானாகவே வந்தாள். சனிக்கிழமை, வெள்ளைக் கார். இறங்குவதற்கு முன் தெருவை முன்னும் பின்னும் பார்த்தாள்.

“ரோடாங்கறது நீதானே? எங்க வீட்டுப் பழைய ஆயாவோட பொண்ணுன்னு அம்மா சொன்னாங்க. ஏதோ பேப்பர் வச்சிருக்கியாமே” என்றாள். நான் அவளுக்கு முப்பது வயது மூத்தவள். உன் வளர்ப்பு.

அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். தாடையை, நெற்றியை. நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நமக்கு ஒரே முகம், அக்கா. அதற்கு எந்த அதிகாரியும் பென்சில் வைத்துப் பார்க்கவில்லை.

அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தேன். அதிலிருந்த அம்மாவின் புகைப்படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்போ நானும் கலப்பினமா?” என்றாள்.

“இல்லம்மா. அது அட்டைல கிடைக்காது. வரிசைல நிக்கணும், லாரில ஏறணும், பெத்த மகளை மேடம்னு கூப்பிடணும். நீ எதுல நின்ன?”

“எனக்குத் தெரியாதே, ஆன்ட்டி” என்றாள். தெரியாமல் இருப்பதற்குத்தானே உன் அம்மா இத்தனை பாடுபட்டாள் என்று சொன்னேன். இரக்கப்பட்டிருக்கலாம். எனக்கு அது வரவில்லை.

நீ கேட்டதற்கும் பதில் சொல்கிறேன். என் பென்சில் விழுந்திருந்தால் நானும் நுழைந்திருப்பேனோ என்னவோ. ஆனால் நுழைந்த பிறகு திரும்பி வந்து, வெளியே நின்றவளின் அட்டையைக் கேட்டிருக்க மாட்டேன்.

எல்சபே அட்டையை எடுக்கவில்லை. மேசையிலேயே வைத்துவிட்டு எழுந்தாள். மனசாட்சியோ, கணவர் வீட்டுப் பயமோ, எனக்குத் தெரியாது. கல்லறையைப் பார்க்க வேண்டும் என்றாள். கூட்டிப்போனேன். போகும் வழியெல்லாம் கார் கண்ணாடியை இறக்கவேயில்லை.

கல் வேண்டாம். இருபது வருடமாக அங்கே ஒரு கல் இருக்கிறது. நம் குடும்பப் பெயரோடு ‘ஜோஹானா ஃபெப்ருவாரி, ரோடாவின் தாய்’ என்று எழுதியிருக்கும். எல்சபே அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “அம்மா பேரை நீங்க வேணும்னே விட்டுட்டீங்களா?” என்று கேட்டாள்.

நான் இல்லை. சாவதற்கு இரண்டு நாள் முன்னால் அம்மாதான் சொன்னாள். “முரியல் பேரைப் போட்டுடாதடி. எவனாவது படிச்சுட்டு அவ வீட்டு வாசல்ல போய் நின்னுடப் போறான்.”

ரோடா