பத்து ரவுண்டு ஓடியவளுக்கு

மழை விட்ட மைதானத்தில் சுண்ணாம்புத் தூள் தூவிக் கோடு இழுக்கும்போது ஒரு வாசனை வரும். நனைந்த மண்ணையும் புதிதாக வெள்ளையடித்த சுவரையும் சேர்த்து முகர்ந்தாற்போல இருக்கும். உனக்குத் தெரியாததா? இன்று காலை எங்கள் பள்ளி மைதானத்தில் அந்த வாசனை மூக்கில் ஏறிய நேரத்தில், புதிதாக வந்திருக்கும் வாலிபால் கோச் விசில் ஊதினார். பதினோரு பெண்களும் மைதானத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்தார்கள். நேற்றைய பயிற்சி ஆட்டத்தில் தோற்றதற்குத் தண்டனை.

அவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கெட்டவர் அல்ல. ஒரு பெண்ணின் அம்மா வந்து முறையிட்டதால், தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டார். "நீங்கதான் இத்தன வருசமா விளையாட்டு டீச்சரா இருக்கறீங்க. இப்படி ஓடவிடறது செரியா தப்பான்னு நீங்களே சொல்லிப்போடுங்க" என்றார். சாயங்காலம் அந்தக் கோச்சும் தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"நாங்களும் இப்படி ஓடி ஓடித்தானுங்க மேடம் வளந்தோம். தப்புங்களா?"

நாளைக்குச் சொல்கிறேன் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். இதை நான் யாரிடம் பேச வேண்டுமோ அந்த நீ போன ஆவணியில் கண்ணை மூடிவிட்டாய். அதனால் உனக்கே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நீயும் நானும் பதினொன்றாம் வகுப்பு. மதுக்கரையைத் தாண்டி இருந்த நம் பள்ளியில் பெண்களுக்கென்று இருந்த ஒரே விளையாட்டு வாலிபால். காலை ஆறரைக்குப் பயிற்சி. பி.டி. சாரின் சட்டம் நம் எல்லோருக்கும் மனப்பாடம். சர்வீஸ் வலையில் பட்டால் இரண்டு ரவுண்டு, ஆட்டத்தின் நடுவே பேசினால் மூன்று, தாமதமாக வந்தால் பத்து. சத்தம் போடவே மாட்டார். "காலு நொந்தாத்தான் கை ஒழுங்கா வேலை செய்யும். ஓடுங்க அம்மணி" என்று, சாப்பிடக் கூப்பிடுகிற குரலில் சொல்வார்.

வாரத்தில் நான்கு நாளாவது நீ தாமதம். "எருமை கறந்து சொசைட்டிக்குப் பால் ஊத்திப்போட்டு வர நேரமாயிருச்சுங்க சார்" என்பாய். உன் ஊருக்கு நான் வந்ததில்லை. அந்த எருமையைக் கண்ணால் பார்க்காமலே அதன்மேல் எனக்குக் கோபம் இருந்தது. நீ செருப்பை பம்ப் ரூம் சுவரோரம் கழற்றி வைத்துவிட்டு, தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடத் தொடங்குவாய். நாங்கள் ஒரு செட் ஆடி முடிப்பதற்குள் பத்தும் முடிந்திருக்கும்.

எனக்கும் ரவுண்டுகள் விழும். என் சர்வீஸ் பாதி நாள் வலையில்தான் விழும். இரண்டு தப்பு சேர்ந்தால் நான்கு ரவுண்டு. மூன்றாவது சுற்றிலேயே விலாவில் குத்தும். ஒருமுறை பம்ப் ரூமுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். பத்து ஓடிவிட்டு வந்த நீதான் குழாயைத் திறந்து என் முகத்தைக் கழுவிவிட்டாய். உன்னால் முடிகிறது, என்னால் முடியவில்லை என்றால் குறை என்னிடம்தான் என்று அன்று முடிவு கட்டிவிட்டேன்.

அந்த வருடம் மாவட்டப் போட்டியில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டருக்குப் பெயர் கொடுத்திருந்த பெண்ணுக்குக் காய்ச்சல். சார் நம் வரிசையை ஒருமுறை பார்த்துவிட்டு உன்னை அனுப்பினார். வெறுங்காலோடு ஓடி இரண்டாவதாக வந்தாய். திங்கட்கிழமை பிரேயரில் சார் மைக்கைப் பிடித்து, "தெனமும் பத்து ரவுண்டு ஓடவிட்டேன். அதுதான் இந்த அம்மணிய ஜெயிக்க வெச்சுது" என்றார். பள்ளிக்கூடமே கை தட்டியது. நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். வெட்கம் என்று நினைத்தேன்.

அந்த ஒரு வாக்கியத்தை நான் எவ்வளவு தூரம் சுமந்துகொண்டு போனேன் என்று உனக்கே அப்போது தெரியாது. உடற்கல்விப் பயிற்சி முடித்து, ஆனைமலைப் பக்கம் ஒரு பள்ளியில் முதல் வேலை கிடைத்தது. தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம். நானும் கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு அதே சட்டத்தைப் போட்டேன். சர்வீஸ் தப்பினால் இரண்டு, தாமதத்துக்குப் பத்து. எந்தப் பெண்ணாவது முகம் சுளித்தால் உன் கதையைச் சொல்வேன். என்னோடு படித்த ஒருத்தி தண்டனையாகவே ஓடி ஓடி மாவட்டத்தில் ஜெயித்தாள் என்று. ஓட்டத்தை வெறுத்த நான், அதை விரும்பியவளின் கதையைச் சொல்லி மற்றவர்களை ஓடவிட்டேன்.

ஸ்டெல்லா அங்கே ஒன்பதாம் வகுப்பு. அப்பா அம்மா இருவரும் தென்னந்தோப்பில் கூலி வேலை. அவள் தலைக்கு மேலே பந்தைத் தூக்கிப் போட்டு எட்டி அடித்தால், எதிரே நிற்கிறவர்கள் பின்வாங்குவார்கள். ஆனால் அந்த மாதிரி சர்வீஸ் பத்தில் நான்கு வலையில் விழும். நானும் சட்டப்படி ஓடவிட்டேன். இரண்டு மாதத்தில் அவள் இடுப்புக்குக் கீழே இருந்து மெதுவாகத் தட்டிவிடும் சர்வீஸுக்கு மாறிவிட்டாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. எதிரணிக்கு அதை எடுப்பதில் எந்தச் சிரமமும் இல்லை. 'தண்டனை வேலை செய்கிறது' என்று நான் சந்தோஷப்பட்டேன், பாரேன். அதற்கப்புறம் அவள் வருவதையே நிறுத்திவிட்டாள்.

அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். "சொன்னாக் கேக்க மாட்டேங்குதுங்க டீச்சர். நீங்களே கேட்டுப் பாருங்க."

ஸ்டெல்லா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாலிபால் பிடிக்கவில்லையா என்று கேட்டேன்.

"புடிக்கும்ங்க டீச்சர்."

"அப்பறம் என்ன கண்ணு?"

வலது கையைப் பாதி தூக்கிக் காட்டிச் சொன்னாள். "சர்வீஸ் போடக் கையத் தூக்குனாலே காலு நோவுதுங்க."

காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள். இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே பொள்ளாச்சி, தாராபுரம், காங்கேயம் என்று பஸ் மாறி மாறி உன்னைத் தேடி வந்தேன்.

நீ கல்யாணமாகிச் சென்னிமலை அடிவாரத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தாய். ஒரு பக்கம் பெட்ஷீட் கடை, இன்னொரு பக்கம் தேங்காய் பழக் கடை. கண்ணாடிக் கூண்டுக்குள் ஒருவர் யாரிடமோ கத்திப் பேசிக்கொண்டிருந்தார். நீ எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டாய். நான் ஸ்டெல்லா கதையை மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, கடைசியில் கேட்டேன்.

"தெனமும் பத்து ஓடுனயே புள்ள. உனக்கு மட்டும் எப்படி ஓட்டம் கசக்காமப் போச்சு?"

நீ என்னை ஒருமாதிரி பார்த்தாய். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நான் வேணும்னேதான் லேட்டா வந்தேன்" என்றாய்.

எனக்குப் புரியவில்லை.

"ஆறேகாலுக்கே வந்துருவேன். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால உக்காந்துக்குவேன். சார் விசில் ஊதுன பொறவு எந்திரிச்சு வருவேன்."

"எருமை?"

"அது நான் பத்தாவது படிக்கறப்பவே வித்துப்போட்டோம்."

உனக்கு ஓட வேண்டும். வாலிபால் இரண்டாம் பட்சம். ஆனால் உன் அப்பா, பொம்பளப்புள்ள தனியா ஓடுனா ஊரு என்ன பேசும் என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். சாரிடம் கேட்கலாம் என்றால், பள்ளியில் பெண்களுக்கு ஓட்டப் பயிற்சியே இல்லை. "சும்மா ஓடுனா ஏன் ஓடறேன்னு ஆளாளுக்குக் கேப்பாங்க. சார் ஓடச் சொன்னாருன்னா யாரும் கேக்க மாட்டாங்க. அப்பாகூட, லேட்டாப் போனா அப்படித்தான்னு விட்டுட்டாரு" என்றாய்.

கூண்டிலிருந்து அந்த ஆள் வெளியே வந்தார். அவரை அனுப்பிவிட்டு நீ மறுபடி உட்கார்ந்தாய். நான் இன்னமும் அதே இடத்தில் இருந்தேன். சார் மைக்கில் சொன்னதும், பள்ளி கை தட்டியதும், நான் ஆனைமலையில் சொல்லித் திரிந்ததும் எல்லாம் தப்பா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"சாருக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

அதற்கு நீ சொன்னதுதான் இன்றுவரை என்னைத் தூங்கவிடாத சங்கதி. ஒரு நாள் நீ சிரித்துக்கொண்டே ஓடுவதை அவர் பார்த்துவிட்டாராம். மறுநாள் தாமதமாக வந்தபோது, "ஓட வேண்டாம், அந்தப் படியில உக்காரு" என்றாராம். அதற்கடுத்த நாளும் அதேதான். நீ படியில் உட்கார்ந்திருந்தது எனக்கும் ஞாபகம் வந்தது. காலில் அடி பட்டிருக்கிறது என்று நினைத்து உனக்குத் தைலம்கூடக் கொண்டுவந்து கொடுத்தேன். நீ வாங்கிக்கொண்டாய்.

"அந்த ரெண்டு நாளுதான் புள்ள எனக்குத் தண்டனை. மூணாவது நாளு மனசு விட்டுப்போயி, விசில் ஊதறதுக்கு முந்தியே வந்து உங்க கூடவே நின்னேன். சார் வாட்சைப் பாத்தாரு. என்னயும் பாத்தாரு. நீ லேட்டு, பத்து ரவுண்டு ஓடுன்னாரு."

"நேரத்துக்கு வந்திருந்தயா?"

"எல்லாருக்கும் முந்தி வந்திருந்தேன்."

பிறகு, இப்போதும் ஓடுகிறாயா என்று கேட்டேன். தினமும் விடிகாலையில் மலைப் படி ஏறுவதாகச் சொன்னாய். "சாமி கும்பிடப் போறேன்னு ஊட்டுல சொல்லீருக்கறேன். படி ஆரம்பிக்கற எடத்துல ஆளு யாரும் இல்லைன்னா ஓட ஆரம்பிச்சுருவேன்." சொல்லிவிட்டு, பெட்ஷீட் கடையில் இருந்த உன் வீட்டுக்காரருக்குக் கேட்டிருக்குமோ என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாய்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு உன்மேல் கோபம் வரவில்லை. சார்மேல்தான் ஆச்சரியமும் வருத்தமும் மாறி மாறி வந்தன. உன் சிரிப்பைக் கவனித்த அதே கண்ணுக்கு, பம்ப் ரூமுக்குப் பின்னால் போன நான் ஏன் தெரியவில்லை? ஒருத்திக்குத் தண்டனையின் பெயரில் வழி திறந்துவிட்டவர், மற்றவளை அதே வார்த்தையால் முடக்கிப் போட்டார் என்பது அவருக்குத் தெரிந்திருக்குமா? மைக்கில் அப்படிச் சொன்னதுகூட உன் அப்பா காதுக்கு எட்டட்டும் என்றுதானோ என்னவோ. போய்க் கேட்டிருக்கலாம். நான் கேட்க நினைத்த வருடம் அவரும் இல்லை.

ஸ்டெல்லா வீட்டுக்கு மறுபடியும் போனேன். இனிமேல் தப்பினால் ஓட வேண்டாம் என்றேன். நம்பாமல்தான் வந்தாள். முதல் நாள் தலைக்கு மேலே பந்தைத் தூக்கி அடித்தாள். வலையில் விழுந்தது. எல்லாப் பெண்களும் என் கழுத்து விசிலைப் பார்த்தார்கள். "அடுத்த பந்து" என்றேன். அதுவும் வலை. ஏழாவதோ எட்டாவதோதான் தாண்டியது. நாங்கள் அந்த வருடம் முதல் சுற்றிலேயே தோற்றோம். ஆனால் அந்த ஆட்டத்தில் அவள் ஒரு தடவைகூட இடுப்புக்குக் கீழே இருந்து சர்வீஸ் போடவில்லை.

இன்னொன்றும் செய்தேன். பயிற்சி முடிந்த பிறகு அரை மணி நேரம், ஓட விருப்பமுள்ளவர்கள் ஓடலாம் என்று சொல்லிவிட்டு விசிலை மேசை டிராயருக்குள் வைத்துவிட்டேன். முதல் வாரம் ஒருவரும் வரவில்லை. அப்புறம் மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருத்தியை அணியில் நான் கவனித்ததே இல்லை. எந்தத் தப்பும் செய்யாத பெண். அதனால் அதுவரை அவளுக்கு ஓடக் கிடைத்ததே இல்லை.

எனக்கு இன்னும் தீராத சந்தேகங்கள் இருக்கின்றன. ஓடினால் உடம்பு தேறும், அது உண்மை. பயந்தால் ஒழுங்கு வரும், அதுவும் கொஞ்ச நாளைக்கு உண்மைதான். ஆனால் வெளியே இருந்து பார்க்கிறவருக்கு நீயும் நானும் ஸ்டெல்லாவும் ஒரே மைதானத்தில் ஒரே மாதிரி ஓடுகிற மூன்று பெண்கள். உள்ளே என்ன ஓடுகிறது என்று கேட்டால் ஒழியத் தெரியாது. நாளைக்கு அந்தக் கோச்சிடம் சரி, தப்பு என்று தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. பதினோரு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, ஓடும்போது உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு வாங்க தம்பி, அப்புறம் பேசலாம் என்று சொல்லப்போகிறேன். கேட்டுவிட்டு வந்தவர் அதற்கப்புறமும் அவர்களை ஓடவிடுவாரா என்று பார்க்க எனக்கும் ஆசையாக இருக்கிறது.

உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று பாக்கி. இத்தனை வருடம் விளையாட்டு டீச்சராக இருந்தும் எனக்கு ஓட வரவில்லை. நீ கேலி செய்வாயோ என்று பயந்துதான் சொல்லாமல் இருந்தேன். கிளம்பிவிட்ட பஸ்ஸைப் பிடிக்க நாலு எட்டு எடுத்து வைத்தாலும், கால் வேகம் பிடிப்பதற்குள் மனசு ஒன்றைத் தேடத் தொடங்கிவிடுகிறது: நான் என்ன தப்பு செய்தேன் என்று.