நமக்கு ஏது பொங்கல்

சென்னை,
16-1-1974

அன்புள்ள அம்மாவுக்கு மகன் தங்கையன் வணங்கி எழுதுவது. நான் சுகம். உன் இருமல் தேவலையா? தங்கச்சி நாகம்மாளை இதை நிதானமாகப் படித்துக் காட்டச் சொல்.

எம்.ஏ. பரீட்சைக்கு ஒழுங்காகப் படிக்கிறேன். நேற்று பக்கிரி சித்தப்பா விவசாயத் தொழிலாளர் சங்க வேலையாக வந்தவர், ஹாஸ்டலுக்கும் வந்தார். இங்கே கொடுத்த சர்க்கரைப் பொங்கலை அவரிடம் நீட்டினேன். அவர் தொடவில்லை.

"நம்ம வீடு துக்க வீடுப்பா, நமக்கு ஏது பொங்கல்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

பிறகு மறைக்க முடியவில்லை. குறுவை அறுப்புக்கு மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கியதையும், மறித்த அப்பாவை அவருடைய அடியாட்கள் அடித்தே கொன்றதையும், பரீட்சை முடியும்வரை எனக்குச் சொல்லக் கூடாதென்று நீ எல்லோரிடமும் சத்தியம் வாங்கியதையும் சொன்னார். கொள்ளி வைத்தது யார் என்று நான் கேட்கவில்லை.

சித்தப்பாவை வையாதே. பரீட்சையை எழுதிவிடுவேன். அப்பாவின் துண்டு ஒன்றைக் கொடுத்தனுப்பு, காலையில் குளிர்கிறது. இனிமேல் நாகம்மாளிடம் 'அப்பா உன்னை விசாரித்தார்' என்று எழுதச் சொல்லாதே.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. அம்மா, சித்தப்பா வருவதற்கு முன்னால் நான் அந்தப் பொங்கலை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

தங்கையன்