கழுவிய இரும்புச் சுருள்

கடத்தூர்,
12.2.2025, புதன்

அன்புள்ள தஸ்லீமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையில் நானும் அல்மாஸும் நன்றாக இருக்கிறோம். குவஹாட்டியில் குளிர் குறைந்ததா? ஹாஸ்டல் குழம்பில் கடுகெண்ணெய் வாசம் தாங்கவில்லை என்றாயே, ஊறுகாய் தீர்ந்திருந்தால் சொல். தினமும் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொல்ல வாயெடுத்தால் நீ பத்துக் கேள்வி கேட்பாய். இது ஒரே மூச்சில் சொல்லி முடிக்க வேண்டிய விஷயம். தவிரவும், எதுவானாலும் எழுத்தில் இருந்தால்தான் உங்கள் புரொபசர் நம்புவார்.

முதலில் வீட்டுச் செய்தி. அல்மாஸுக்கு இப்போது நான்தான் ஜடை பின்னுகிறேன். பள்ளிக்கூடத்தில் டீச்சர், யாரு பாப்பா பின்னிவிட்டது என்று கேட்டாராம். எங்கப்பா, லேத் பட்டறை வச்சிருக்காரு என்றாளாம் இவள். அதற்கு மேல் டீச்சர் ஒன்றும் கேட்கவில்லையாம். சிரிக்காதே, சாயங்காலம் வரைக்கும் அவிழாமல் இருக்கிறது.

ஓடை ஏரியில் விழுகிற இடத்தில், மாது அண்ணன் வயல் ஓரமாக ஓடைத் தண்ணீர் உள்ளே புகுந்து இரும்பின் வழியாக வெளியேற நீ வைத்துவிட்டுப் போன நீல டிரம் மூன்றும் பத்திரமாக இருக்கின்றன. ஊர் சோப்புத் தண்ணீரும் வயல் உரமும் கொண்டுவரும் பாஸ்பேட்தான் ஏரியில் இப்படிப் பாசி பிடிக்க வைக்கிறது, துருப்பிடித்த இரும்பு அந்தப் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று நீ முதலில் சொன்னபோது நான் சிரித்தது நினைவிருக்கிறதா? இருபது வருடமாகத் துருவைச் சுரண்டிப் பிழைக்கிறவன் நான். நீ அந்தத் துருவுக்கே ஒரு வேலை போட்டுக் கொடுத்தாய். லேத்தில் கடையும்போது உதிர்ந்து, பட்டறை மூலையில் எடைக்குப் போடக் குவித்து வைத்திருந்த இரும்புச் சுருளை என் பெண்டாட்டி ஆராய்ச்சிக்கு எடுத்துப் போகிறாள் என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொன்னேன்.

நீ கிளம்பும் முன் உன் கையால் போட்ட, ஏற்கெனவே துருவேறிய பழைய சுருள் நவம்பர் வரை நன்றாக வேலை செய்தது. டிசம்பரிலிருந்து மாதாமாதம் நான் புதுச் சுருள் மாற்றி, வாராவாரம் டிரம் தண்ணீரைப் பாட்டிலில் எடுத்து உனக்கு அனுப்புகிறேன். அன்றிலிருந்து டிரம்மை விட்டு வெளியே வரும் தண்ணீரில், உள்ளே போவதைவிட அதிகம் பாஸ்பேட் இருக்கிறது என்கிறாய். 24ஆம் தேதி உன் ஆராய்ச்சியைப் பரிசீலிக்கும் கமிட்டியில் இது சரிப்படாது என்று நீயே சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு நோன்புக்கு முன் வீட்டுக்கு வந்துவிடுவதாகப் போன வாரம் அழுதாய்.

தஸ்லீம், உன் ஆராய்ச்சியில் தப்பில்லை. தப்பு செய்தவன் நான். அடுத்து வரும் பத்தியை மட்டும் புரொபசரிடம் காட்டு. மற்றதெல்லாம் உனக்கு.

டிசம்பரில் நான் முதலில் போட்ட சுருளில் லேத் எண்ணெய் ஒட்டியிருந்தது. மாது அண்ணன் மனைவி ராமக்காள் வந்து, "பாய், தண்ணி மேல எண்ணெ மெதக்குது. மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கிச்சு. உங்கூட்டு டீச்சரம்மா வெச்சதாச்சேன்னு பொறுத்துக்கிட்டிருக்கறேன்" என்றார். உடனே எல்லாவற்றையும் வெளியே எடுத்து, பெயின்ட் அடிக்கும் முன் இரும்பை ஊறவைக்கும் டிகிரீசிங் பவுடரில் ஊறப்போட்டுக் கழுவித் திரும்பப் போட்டேன். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் அப்படியே செய்தேன். போன வெள்ளிக்கிழமை அந்தப் பவுடர் புதுப் பாக்கெட் வாங்கினேன். பின்பக்கம் எழுதியிருப்பதை வாழ்நாளில் முதல்முறையாகப் படித்தேன். டிரை சோடியம் பாஸ்பேட் என்றிருக்கிறது. கழுவிய சுருளையும் கழுவாத சுருளையும் தனித்தனியாகக் கேன் தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து, பாஸ்பேட் இருந்தால் நீலமாகும் என்று நீ காட்டிய சோதனைப் பெட்டியின் சொட்டு மருந்தை விட்டுப் பார்த்தேன். கழுவியது கருநீலம். கழுவாதது வெறும் தண்ணீர் போலவே இருந்தது. சொட்டு மருந்தை இன்னொரு முறை விட்டும் பார்த்தேன், அதே நிறம்தான். பாக்கெட் அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன். இப்படிக்கு ஹபீப், லேத் ஒர்க்ஸ், கடத்தூர்.

பட்டறை முத்திரையும் குத்தியிருக்கிறேன், பார்த்துக்கொள். புரொபசருக்குத் தமிழ் தெரியாதே என்று கவலைப்படாதே, முத்திரை இங்கிலீஷில்தான் இருக்கிறது.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கோபப்படுவாய். உலை வைக்குமுன் அரிசி களைந்தேன் என்று யாராவது போன் போட்டுச் சொல்வார்களா? எனக்கு அது அப்படித்தான் இருந்தது. உன் பெயர் எழுதிய டிரம்மில் எண்ணெய் மிதந்தால் எனக்குத்தானே அசிங்கம். இதில் இன்னொரு கூத்து. அந்தப் பவுடரில் கழுவிய இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்காது. நீ துருவுக்காகத் தவம் கிடக்கிறாய், நான் துரு வராமல் பார்த்துப் பார்த்துக் கழுவியிருக்கிறேன். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான்!

எண்ணெய்க்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். வார்ப்பிரும்பைக் கடையும்போது நாங்கள் எண்ணெயே விடுவதில்லை. தூள் காய்ந்தபடியே உதிரும். தொப்பூர் இறக்கத்தில் மிதித்து மிதித்தே லாரிகளின் வார்ப்பிரும்பு பிரேக் டிரம் வரி விழுந்துவிடும். அதைக் கடைந்து கொடுப்பதுதான் அங்கே பட்டறை வைத்திருக்கும் நம் நிசார் அகமது வேலை. நேற்று மதியம் பஸ் ஏறிப் போய்க் கேட்டேன். பட்டறைக்குப் பின்னால் மூட்டை மூட்டையாகத் தூள் கிடக்கிறது. "மச்சான், அள்ளிக்கிட்டுப் போ, எனக்கு எடமாச்சும் மிஞ்சும்" என்கிறான். ஐந்து கிலோ உனக்குப் பார்சலில் வருகிறது. இதை நான் கழுவவில்லை, சத்தியமாக.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம். பாக்கெட்டைப் படித்தது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமையே சோதித்தும் பார்த்துவிட்டேன். ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் உன்னோடு பேசினேன், சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தால் இந்த மாதக் கடைசியில் நீ வந்துவிடுவாய். முதல் நோன்புக்கு நம் வீட்டில் மூன்று தட்டு இருக்கும். அம்மி வர்றாங்களாமே என்று அல்மாஸ் உன் தலையணைக்கு உறை மாற்றி வைத்தாள். நீ அங்கே அழுதுகொண்டிருந்தாய், எனக்கு இங்கே சந்தோஷமாக இருந்தது. அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. என்னை மன்னித்துவிடு.

நேற்றுக் காலை இந்த வாரத்துத் தண்ணீர் எடுக்க, பாட்டிலில் ஒட்டும் லேபிள் கட்டைப் பிரித்தேன். மே கடைசி வரை ஒவ்வொரு வாரத்துக்கும் உன் கையெழுத்தில் தேதி போட்டு வைத்திருக்கிறாய். சும்மா புரட்டினேன். பெருநாள் வாரத்து லேபிளில் தேதிக்குக் கீழே, "இன்றைக்கு நீங்கள் எடுக்க வேண்டாம், அல்மாஸோடு இருங்கள், மறுநாள் போதும்" என்று எழுதியிருந்தாய். அந்தப் பெருநாளுக்கு நீ இங்கே இருக்கமாட்டாய் என்று தெரிந்துதான் அதை எழுதியிருக்கிறாய். எழுதும்போது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அதைப் பார்த்த பிறகுதான் நிசாரைத் தேடிப் பஸ் ஏறினேன்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டு இன்றே போன் செய்வேன். எதையும் நிறுத்தாதே, ஒரு கடிதம் வருகிறது என்று மட்டும் சொல்வேன். திட்டுவதைக் கடிதம் படித்த பிறகு திட்டு.

தலையணை உறை அப்படியே இருக்கட்டும், அல்மாஸிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். கமிட்டியில் தலை நிமிர்ந்து பேசு. அல்லாஹ் உன் வேலையில் பரக்கத் செய்வான். நோன்புக்கு வராதே தஸ்லீம். இன்னும் பதினைந்து லேபிள் இருக்கிறது. கடைசி லேபிளை நான் ஒட்டும் நாளில் வந்தால் போதும்.

துஆவுடன்,
உன் ஹபீப்