குவாரிப் பள்ளத்தில் பதினொண்ணு

பிப்ரவரி 8, சனி

காலையில் செம பனி. கம்பெனி பஸ் ஒரகடம் வந்ததே டிரைவர் பிரேக் போட்டபோதுதான் தெரிந்தது.

நாளை எங்கள் லைன் ஆட்களின் ஏழாவது காட்டு நடை. செய்ய வேண்டியவை:

வனத்துறை அனுமதிச் சீட்டு, இரண்டு நகல். எடுத்தாயிற்று.
வேன். டிரைவர் ஏழுமலையிடம் பேசியாயிற்று. "ஆறுன்னா ஆறு சார். ஆறேகாலுக்கு வந்தீங்கன்னா நான் போய்கினே இருப்பேன்." போன முறை ஆறே முக்காலுக்கு வந்த மகராசன் இவர்தான்.
லெமன் சாதம், பதினேழு பொட்டலம். புளியோதரை கேட்டவர்களுக்கு ஒரே பதில்: கிடையாது.
தண்ணீர், ஆளுக்கு இரண்டு லிட்டர். பாண்டியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். போன தடவை அரை லிட்டர் பாட்டிலோடு வந்து எல்லோருடையதையும் குடித்துத் தீர்த்தான், எருமை.
விசில். கால் கட்டும் துணி.

வாட்ஸப் குரூப்பில் விதிகளைப் போட்டேன். மூன்றாவதை மட்டும் பெரிதாக: வழி தப்பினால் நடக்காதீர்கள். இருந்த இடத்திலேயே உட்காருங்கள். எண்ணிக்கை குறைந்தால் நாங்களே தேடி வருவோம்.

எண்ணிக்கை வேறு யாருக்கும் புரியாது, எங்கள் லைனுக்குத்தான் புரியும். காருக்கு வயர் கட்டும் லைன், பதினாறு பேர், ஆளுக்கு ஒரு எண். காலை மீட்டிங்கில் வரிசையாக நின்று அவரவர் எண்ணைக் கத்த வேண்டும். நான் லீடர், எனக்கு எண் இல்லை. காட்டிலும் அதே எண்கள், அதே வரிசை. முப்பது விநாடியில் முடிந்துவிடும்.

லைனில் இன்னொரு பழக்கமும் உண்டு. யாராவது பாத்ரூம் போயிருந்தால் அவர் எண்ணை வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். எண்ணிக்கை நடுவில் நின்றால் கண்ணாடி அறையிலிருந்து மேனேஜர் நிமிர்ந்து பார்ப்பார். அதற்காக. நான் கண்டுகொள்வதில்லை. நானே சில நாள் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மாலை 4.30. அறைக்கு வந்து குளித்தாயிற்று. கால் வலி. மனது நிறைவு.

ஏழுமலை ஆறு இருபதுக்கு வந்தார். என்னோடு பதிமூன்று பேர் வேனில், நாலு பேர் இரண்டு பைக்கில். காட்டு வாசலில் வனத்துறை வாட்சர் சீட்டைப் பார்த்துவிட்டு, "குவாரிகிட்ட ரொம்ப நேரம் நிக்காதீங்க சார்" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "சும்மாத்தான்." இப்படிச் சொன்னால் மனுஷன் என்னவென்று எடுத்துக்கொள்வது?

மேலே பாறையிலிருந்து பார்த்தால் கம்பெனிக் கூரைகள் வரிசையாக, நீலமாக. அவ்வளவு தூரத்திலும் அந்த உறுமல் கேட்கிறது. காட்டுச் சத்தம் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தோம். பாண்டிதான், "நம்ம கம்பெனிதான் அண்ணாச்சி, ஞாயித்துக்கிழம கூட விட மாட்டேங்கான்" என்றான்.

இறங்கும்போது பழைய கல் குவாரி. எப்போதோ கைவிட்டது. அடியில் பச்சைத் தண்ணீர், சுற்றிலும் செங்குத்தாக வெட்டிய பாறை. வானம் மூடியிருந்தது. ஒரு குருவி கூட இல்லை. 1.40க்கு அங்கே வைத்துக் கடைசி எண்ணிக்கை. ஒவ்வொரு எண்ணும் எதிர்ப் பாறையில் மோதித் திரும்பி வந்தது, சொன்னவர் குரலிலேயே. ஒன்று... ஒன்று. இரண்டு... இரண்டு. முதலில் சிரித்தார்கள். ஏழுக்கு மேல் யாரும் சிரிக்கவில்லை. நான் வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். சீக்கிரம் முடியட்டும் என்று இருந்தது.

பதினாறு வந்தது. சரி. அங்கிருந்து வேன் கால் மணி நேர நடைதான், அதனால் வேனில் மறுபடி எண்ணவில்லை.

6.50. ஏழுமலை போன். "சார், பின் சீட்டுல ஒரு போன் அட்ச்சிகினே கீது. எடுத்தேன். ஹாஸ்டல் வார்டனாம். சுதான்னு ஒரு பொண்ணு இன்னும் வூட்டாண்ட வரலியாம்."

சுதா, பதினொன்று.

பிப்ரவரி 10, திங்கள்

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

நேற்று எல்லோருக்கும் போன். வேனில் வந்தவர்கள் அவள் பைக்கில் போனாள் என்று நினைத்திருக்கிறார்கள். பைக்கில் வந்தவர்கள் வேன் என்று. கவிதாவிடம் மட்டும் சொல்லிவிட்டுக் குவாரிக்கு முன்னால் ஒதுங்கப் போயிருக்கிறாள். கவிதா (பன்னிரண்டு, இந்தப் பக்கத்துப் பெண்) அழுதாள்: "பின்னாடி பதினொண்ணுன்னு கேட்டுச்சு லீடர், வந்துட்டான்னு நெனச்சிகினேன்."

எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். நானும் கேட்டேன். தெளிவாக, பக்கத்தில்.

இருட்டில் எங்களை உள்ளே விடவில்லை. வனத்துறை ஆட்கள் போய் விசில் ஊதி, பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். பதில் இல்லை. விடிந்ததும் நாங்களும் போனோம். பச்சைத் தண்ணீரை முதலில் பார்த்தது நான்தான். பார்க்காமல் இருக்க முடியவில்லை. என் தாயே, அதில் மட்டும் வேண்டாம் என்று வாய்விட்டே சொன்னேன்.

8.20க்கு வாட்சர் கை காட்டினார். எதிர்ப்பக்கப் பாறையில், பாதி புதர் மறைத்த ஒரு திட்டு. அதில் சுதா. சறுக்கி விழுந்து கணுக்கால் பூசணியாக வீங்கியிருந்தது. பாறையில் முதுகைச் சாய்த்து, நேராக உட்கார்ந்து, நாங்கள் நேற்று நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரவு முழுக்க அப்படியே இருந்திருக்கிறாள். உயிரோடுதான் இருந்தாள்.

பக்கத்தில் போனதும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "எண்ணியாச்சா அண்ணாச்சி?"

அதற்குப் பிறகு பேசவில்லை. ஸ்ட்ரெச்சரில் வரும்போதும் ஆஸ்பத்திரியிலும்.

ஆஸ்பத்திரி வாசலில் பாண்டியின் சட்டையைப் பிடித்தேன். அவன் பத்து. அவனுக்கு அடுத்து அவள். லைனில் மற்றவர்களுக்காக எண் சொல்வதில் அவன்தான் முதல் ஆள். "நாஞ் சொல்லல அண்ணாச்சி. எங்கம்மா மேல சத்தியமா." பொய் சொல்லாதே நாயே என்றேன், பதினாலு பேர் முன்னால்.

பிப்ரவரி 11, செவ்வாய்

சுதாவின் அம்மா சங்கரன்கோவிலிலிருந்து வந்தார். திட்டுவார் என்று தயாராக நின்றேன். திட்டவில்லை.

"எண்ணுனது நீங்கதானாய்யா?"

"ஆமாம்மா."

"சரிய்யா."

அவ்வளவுதான். மகளைக் காரில் படுக்கவைத்து ஊருக்குக் கூட்டிப் போய்விட்டார். அடித்திருக்கலாம்.

கேன்டீனில் பாண்டிக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டி ஓரம் போய் நின்றே சாப்பிட்டான். பார்த்தேன். நன்றாக வேண்டும் என்றுதான் நினைத்தேன். எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 12, புதன்

காலை மீட்டிங். எண்ணிக்கை பதினாறு. பெல் அடித்தது, லைன் ஓடத் தொடங்கியது.

பத்து நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. எப்படிப் பதினாறு? சுதா ஊரில். அவள் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை.

மறுபடியும் பதினொண்ணு சொல்லியிருக்கிறார்கள். நானும் கேட்டேன், ஞாயிற்றுக்கிழமை கேட்ட அதே மாதிரி. லைனை நிறுத்திவிட்டுப் பாண்டியிடம் போனேன். "உனக்கு மனசாட்சியே கிடையாதாடா? இன்னுமா விளையாட்டு?" மற்றவர்கள் அவனைப் பார்க்காமல் என்னையே பார்த்தார்கள். நான் கத்தியதால் இருக்கும்.

பிப்ரவரி 13, வியாழன்

தூக்கம் சரியில்லை. ரூமில் கூட இருப்பவன் கேட்டான், "என்ன அண்ணே, தூக்கத்துல கணக்குப் பாடமா?"

காலையில் பல் தேய்க்கும்போது கண்ணாடியில் பார்த்தேன். என் உதடு அசைந்துகொண்டிருந்தது. பிரஷ் கையில்தான் இருந்தது. என்ன முணுமுணுத்தேன் என்று தெரியவில்லை.

வாட்சர் சொன்ன "சும்மாத்தான்" மண்டைக்குள் சுற்றுகிறது. அந்தப் பள்ளத்தில் ஏதாவது இருக்குமோ? எதுவாவது எங்களோடு லைனுக்கு வந்துவிட்டதோ? டிப்ளமோ படித்தவன் எழுதுகிற எழுத்தா இது. ஆனாலும் எழுதுகிறேன்.

பிப்ரவரி 15, சனி

பாண்டி வேலையை விட்டுவிட்டான். நேற்று எழுதிக் கொடுத்திருக்கிறான். நாளை சாயங்காலம் ஊருக்குப் பஸ்.

ஷிப்ட் முடிந்து ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது கவிதா வந்தாள். கண்ணைப் பார்க்கவில்லை.

"லீடர், குவாரில நான் செல்பி வீடியோ எட்த்துகினு இருந்தேன்ல. அதுல எண்ணுனது மொத்தமும் கீது."

"எப்பப் பார்த்தே?"

"திங்கக்கெழமையே."

"அப்பவே ஏன் சொல்லலை?"

"நீங்க லீடரு. நான் இன்னான்னு சொல்றது?" கொஞ்ச நேரம் செருப்பால் மண்ணைக் கீறினாள். "பாண்டி போறான். அதான். அனுப்புறேன், வூட்டுக்குப் போய்ப் பாருங்க. இங்க வேணாம்."

ரூமுக்கு வந்து பார்த்தேன். முன்னால் கவிதாவின் முகம், இரண்டு விரல் காட்டிக்கொண்டு. அவள் தோளுக்குப் பின்னால் வரிசை, வரிசையின் ஓரத்தில் நான், கையில் விசில். ஒன்று. எதிரொலி ஒன்று. அப்படியே போகிறது. பாண்டி பத்து என்கிறான். திரும்பிப் பக்கத்தில் பார்க்கிறான், இடம் காலி. வாயைத் திறக்கிறான், ஏதோ சொல்லப்போகிறான்.

அதற்குள் நான் சொல்கிறேன். பதினொண்ணு.

நான்தான். என் வாய், என் குரல். தலையைக் கூட நிமிர்த்தாமல், வாட்சைப் பார்த்துக்கொண்டே சொல்கிறேன். லைன் நிற்கக் கூடாது, அவ்வளவுதான். சொன்ன ஞாபகம் துளியும் இல்லை. இப்போதும் இல்லை.

ஆறு முறை பார்த்தேன். ஏழாவது முறை காதில் ஹெட்போன் மாட்டிச் சத்தத்தை ஏற்றினேன். ஏன் ஏற்றினேனோ. எல்லோருடைய எண்ணும் அவரவர் குரலிலேயே பாறையில் மோதித் திரும்பி வருகிறது. என் பதினொண்ணுக்கு மட்டும், திரும்பி வந்தது பெண் குரல்.

ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டேன். ரூமில் லைட்டைப் போட்டேன். ஏற்கெனவே எரிந்துகொண்டுதான் இருந்தது.

பிப்ரவரி 16, ஞாயிறு

காலை பத்து மணிக்குச் சுதாவுக்கு போன் போட்டேன். அவள் அம்மா எடுத்து, ஒன்றும் கேட்காமல் அவளிடம் கொடுத்தார்.

குரல் சாதாரணமாக இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

"விழுந்த உடனே நீங்க எண்ணுறது கேட்டுச்சு அண்ணாச்சி. எதிர்ப்பக்கந்தான. எல்லாரும் நம்பர் சொன்னாங்க. என் முறை வந்ததும் நானும் பதினொண்ணுன்னு கத்துனேன். உடனே கவிதா பன்னெண்டுன்னா. சரி, நம்ம சத்தம் கேட்டுட்டு, வந்துருவாவன்னு உக்காந்துட்டேன்."

"பிறகு கத்தலையாம்மா?"

"எதுக்குக் கத்தணும்? அதான் எண்ணிட்டீங்கள்லா. நடக்கக் கூடாதுன்னு போட்டிருந்தீங்க, அசையாம இருந்தேன். ராத்திரி யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. தெரியாத ஆம்பளக் குரலு. பயந்து மூச்ச அடக்கிக்கிட்டேன். நம்பரக் கூப்பிட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

நான்தான் சொன்னேன் சுதா, உன் எண்ணை நான் சொன்னேன், அதனால்தான் உன் குரல் எங்களுக்குக் கேட்கவில்லை என்றேன். அந்தப் பக்கம் கோழி மட்டும் கொக்கரித்தது. பிறகு, "சாப்பிட்டீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டாள். போனை வைத்துவிட்டு அழுதேன், சத்தம் போட்டே.

இரண்டு மணிக்குப் பாண்டியின் ரூம். பை கட்டி வாசலில் வைத்திருந்தான். வீடியோவைக் காட்டினேன். முழுதும் பார்த்தான். கோபப்படவில்லை, படுபாவி. உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணாச்சி, நாலு நாளா நாந்தான் சொன்னேன்னு நானே நம்பிட்டேன். அந்தச் சத்தம் எம் வாயிலருந்து வந்த மாதிரியே இருந்துச்சு. போன்ல எங்கம்மாட்டயும் ஆமான்னுட்டேன்."

அவன் போனை வாங்கி அவன் அம்மாவிடம் பேசினேன். உங்கள் மகன் சொல்லவில்லை, நான் சொன்னேன் என்றேன். வீடியோவை எங்கள் குரூப்பிலும் போட்டேன். கீழே என் பெயர். பாண்டி பையை அவிழ்க்கவும் இல்லை, எடுத்துக்கொண்டு கிளம்பவும் இல்லை. பஸ் நேரம் தாண்டும்வரை இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

பிப்ரவரி 17, திங்கள்

பனி. பஸ் லேட்.

காலை மீட்டிங். வரிசையில் பாண்டி நின்றான், அவனுக்கும் கவிதாவுக்கும் நடுவில் ஓர் ஆள் இடம். யாரும் நெருங்கி அடைக்கவில்லை. எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

எட்டு. ஒன்பது. பத்து என்றான் பாண்டி.

நாக்கு தானாக மேலே எழும்பியதை இன்று உணர்ந்தேன். பல்லைக் கடித்தேன். கடித்தும், கூரைப் பக்கமிருந்து மெல்லியதாக ஒரு பதினொண்ணு கேட்டது. மற்றவர்களுக்குக் கேட்டதா என்று கேட்கப் போவதில்லை. எண்ணிக்கை நின்றது. பெல் அடித்தது, லைன் ஓடவில்லை. மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து எழுந்து வெளியே வந்தார்.

"என்னப்பா, ஏன் நிக்குது?"

"பதினொண்ணு வரலை சார்," என்றேன்.