குடைக்காரியைப் பற்றி அம்மாவிடம் சொல்லிவிட்டேன்

என் சித்ராக் கண்ணுக்கு,

நீ போய் ஐந்து வருஷம் ஆகிவிட்டது. இத்தனை நாள் உனக்கு எழுதாததற்குக் காரணம் பயம்தான். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? என் மடியில் இருந்த கனம் உனக்குத் தெரியும். மற்றவர்களுக்கும் தெரியட்டும் என்றுதான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

லாரிக்காரர் வீட்டு டிவியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வருமே, ஆவிகளை அடக்கும் பையனின் ஜப்பான் கார்ட்டூன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அந்தப் பையன்தான் உயிர். உனக்கு மட்டும் எப்போதாவது வந்து போகும் குடைக்காரி. வெள்ளை உடுப்பு, முகத்தை மறைக்கிற முடி, வெளியே தெரியும் ஒற்றைக் கண், கிழிந்த குடை. அவளுக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. "பேரு இல்லாததுக்கு எதுக்குடி இத்தனை கும்பிடு?" என்று கேலி செய்வேன். நீ முறைத்துவிட்டு, கணக்கு நோட்டில் அவளையே வரைந்துகொண்டிருப்பாய்.

அந்த நேரத்தில் நாம் வாழைக்காட்டில் குரங்கு விரட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு ஞாயிறு நாம் டிவி பார்க்கப் போயிருந்தபோது, குரங்குகள் நாலைந்து தார்களைச் சிதைத்துப் போட்டுவிட்டன. அப்பா நம்மைக் கோயில் வாசலுக்கு இழுத்துப்போய்க் கற்பூரம் கொளுத்தினார்.

"காட்ட உட்டு நகரலேன்னு கற்பூரத்த அணைச்சுச் சத்தியம் பண்ணு சாமி, நம்பிக்கிறேன்."

உன் கையை விலக்கிவிட்டு நான் அணைத்தேன். அடி விழுந்தால் உனக்கும் விழுமே. பொய்ச் சத்தியம் குடும்பத்தில் ஓர் உயிரை எடுக்கும் என்பார்கள். அது தெரிந்தும்தான் செய்தேன்.

அடுத்த வாரமே உனக்குக் காய்ச்சல். சாமி கணக்குத் தீர்க்க வந்துவிட்டது என்று நான் நடுங்கினேன். எதையோ தேடி உன் புத்தகப் பையைக் கொட்டிய அம்மா, நோட்டைப் பார்த்து அலறினாள். பக்கத்துக்குப் பக்கம் ஒரே முகம். நீயோ காய்ச்சல் வேகத்தில் "குடை, குடை" என்று பிதற்றினாய். பூசாரியைக் கூட்டி வந்தார்கள். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். நோட்டைப் புரட்டிவிட்டு முதலில் என்னைத்தான் கேட்டார்.

"இந்தப் பொண்ண உன் தங்கச்சி எங்க பாத்துச்சு கண்ணு?"

டிவியில் என்று ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? சொன்னால் சத்தியம் பொய் என்று தெரிந்துவிடும். அப்பா பக்கத்திலேயே நின்றார்.

"தெரியாதுங்க" என்றேன்.

"அப்ப இது காத்துக் கருப்புதாங்க" என்று அவர் வேப்பிலையை எடுத்தார்.

மூன்று நாள் மந்திரித்தார்கள். மூன்று நாளும் நான் கதவோரம் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. நாலாம் நாள் நீ கண் திறக்கவில்லை. அப்புறம்தான் ஜீப். சேந்தமங்கலம் ஆஸ்பத்திரிக்கு இறங்கும் வழியில் ஒவ்வொரு வளைவிலும் உன் தலை என் மடியில் அங்கும் இங்கும் ஆடியது. பாதி மலைகூட இறங்கவில்லை, உன் கை சில்லிட்டுவிட்டது. முதலில் தெரிந்துகொண்டது நான்தான். அதையும் உடனே சொல்லவில்லை. இருந்திருந்தால் நீ என்னை மன்னித்திருப்பாயா?

நம் ஊருக்கு இப்போது செல்போன் டவர் வந்துவிட்டது. அம்மாதான் மாறவில்லை. அமாவாசைதோறும் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டு, உன்னைக் கொண்டுபோனவள் என்று குடைக்காரியைத் திட்டுவாள்.

போன வாரம் மாமா மகள் தேவிக்குக் கடுமையான காய்ச்சல். அம்மா முதல் ஆளாக ஓடினாள். நானும் பின்னால் போனேன்.

"புள்ளையோட நோட்டப் பாருங்க முதல்ல" என்றாள் அம்மா.

நோட்டில் ஏதோ பூனை பொம்மை வரைந்திருந்தது. மாமா அதை உற்றுப் பார்த்தார். "பூசாரிய வரச் சொல்லட்டுங்களா அக்கா?" என்றார்.

"அது டிவி பொம்மைங்க மாமா" என்றேன். சொல்ல ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. "சித்ரா வரைஞ்சதும் டிவி பொம்மைதானுங்க. நான் கற்பூரம் அணைச்சது பொய்யிங்க. பூசாரி அப்புறம் வரட்டும், ஜீப்ப எடுங்க."

மாமா அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். தேவி பிழைத்துக்கொண்டாள். நேற்று கஞ்சி குடித்தாளாம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கை ஓயும் வரை என்னை அடித்தாள். அப்பா தடுக்கவில்லை. நானும் விலகவில்லை. மூன்றாம் நாள் சோறு போடும்போது, என் முகத்தைப் பார்க்காமலே அம்மா கேட்டாள்.

"அந்தக் குடைக்காரி அதுல என்னதான் பண்ணுவா?"

"செத்துப்போன புள்ளைங்க வழி தெரியாம மழையில நிக்கும்மா. இவ வந்து குடையப் புடிச்சுக்கிட்டுக் கூடவே நடந்துபோயி, சேர வேண்டிய எடத்துல சேத்து உடுவா."

"பாதியில உட்டுட்டு வர மாட்டாளா?"

"மாட்டாம்மா."

"அவளையா நான் இத்தன வருசமா வஞ்சேன்?" என்று அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நீ போன அன்றுகூட அவள் இப்படி அழவில்லை.

கண்ணு, உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். இனி எந்தப் பிள்ளையின் தலைமாட்டிலும் நின்று, தெரிந்ததைத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். யார் அடித்தாலும் சரி.

உன்னோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்த அக்கா,
பொன்னம்மாள்