கோயில் செண்பகத்தில் போட்ட பதியம்

ஈஜோக், கோலசிலாங்கூர்
1926, மாசி

அன்புள்ள பாவாயிக்கு,

செல்லமுத்து எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் காய்ச்சல் விட்டது, சோறு இறங்குகிறது. நீயும் அம்மாவும் சுகந்தானே?

தோட்டத்தில் நமக்குக் கொடுத்த லயத்து வீட்டு வாசலில் வைக்க, நீ சொன்னபடி கோயில் செண்பகத்தில் பதியம் போட்டேன் அல்லவா? நேற்று எல்லோரையும் கூப்பிட்டு வைத்துக் கிளையை வெட்டி, சீவின இடத்தில் மண் வைத்துக் கட்டியிருந்த நார்ப் பொதியைப் பிரித்தேன். ஒரு வேர்கூட இல்லை. பட்டையை வளையமாக அடியோடு உரிக்கச் சொன்னாய். உள்மரத்தில் கத்தி பட்டால் ரப்பர் மரம் கெட்டுவிடும் என்று தினமும் பயந்து சீவுகிற கை, இங்கேயும் கூசிவிட்டது. மேலாகச் சீவியதால் காயம் ஆறிப் பட்டை மூடிக்கொண்டது.

"நல்லாப் பூக்குற கிளையப் பாழாக்கிட்டியே!" என்றாள், எங்களை வேலை வாங்கும் மண்டோரின் பெண்சாதி காளியம்மா.

"எம் பொண்டாட்டி சொன்னபடிதான் செஞ்சேன்" என்று சொல்லிவிட்டேன், பாவாயி.

அதிலிருந்து கிணற்றடியில் உன்னைத்தான் திட்டுகிறார்கள், உன் முகத்தைக்கூடப் பார்க்காதவர்கள். தப்பு என் கையில்தான் என்று நான் இன்னும் சொல்லவில்லை.

பங்குனியில் கங்காணியோடு கப்பலேறும்போது நாரத்தங்காய் ஊறுகாயும் உன் சின்னக் கத்தியும் எடுத்து வா. ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி தபால் பையைக் கட்டுகிறார், முடிக்கிறேன். நீ வந்ததும் காளியம்மா செண்பகத்தைப் பற்றிக் கேட்பாள். "இந்த ஆளுக்குத்தான் சொன்னது செய்யத் தெரியல" என்று எல்லோர் முன்னும் சொல்லிவிடு. நான் பக்கத்திலேயே நிற்பேன்.

செல்லமுத்து